மலைக்கு உரிய பொழுது: கோத்தகிரியும் கொங்குநாடும்

நம் இலக்கிய வட்டம் தோன்றிப் பத்தாண்டுகள் நிறைவெய்தும் இவ்வேளையில், மலருக்கென வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு அன்பர்கள் பணித்தனர். எதனைப் பற்றி எழுதலாம் என்று எண்ணியபோது, கோவையில் வாழும் நாம் ஒவ்வொரு நாளும் வடமேற்கே தலைநிமிர்ந்தால் காணும் நீலமலையே என் கண்முன் நின்றது. அம்மலையில் உதகையைப் பற்றி எழுதியோர் பலர். அதற்கு முன்னரே வெள்ளையரின் முதல் வீடு எழுந்த கோத்தகிரியைப் பற்றி நம்மவர் எழுதியது குறைவு. கடந்த பல ஆண்டுகளாக, எல்லாப் பருவங்களிலும் அவ்வூருக்குச் சென்று திரும்பியவன் என்னும் ஒரே தகுதியோடு இக்கட்டுரையை எழுதத் துணிகின்றேன்.

ஒரு முதியவரின் கேள்வி

தொல்காப்பியம் குறிஞ்சித் திணைக்கு வகுத்த பெரும்பொழுது எது என்பதை நம் வட்டத்து அன்பர்கள் அறிவர். ஐப்பசியும் கார்த்திகையுமாகிய கூதிர், மார்கழியும் தையுமாகிய முன்பனி ஆகிய இரண்டுமே மலைக்கு உரியவை என்பது அந்நூலின் வழக்கு. வேனிற்காலம் பாலைக்கு உரியதாகவே வைக்கப்பெற்றது. ஆனால் இன்று நம்மவருள் எவரை வினவினாலும், மலைக்குச் செல்ல ஏற்ற காலம் சித்திரையும் வைகாசியுமே என்பார். "சீசன்" என்னும் ஆங்கிலச் சொல்லுக்கே நம் ஊரில் அதுதான் பொருள் என்று ஆகிவிட்டது. கூதிருக்கும் முன்பனிக்கும் உரியதாயிருந்த மலை கோடைக்கு உரியதாக எப்போது மாறியது? மாற்றியவர் யார்? அதனால் மலைக்கும் நமக்கும் நேர்ந்தது யாது? இவையே இக்கட்டுரையின் கேள்விகள்.

இக்கேள்விகள் நூலகத்தில் எனக்குத் தோன்றியவை அல்ல. நானும் பல ஆண்டுகள் மே மாதத்தில் மட்டுமே மலையேறியவன்தான். ஒரு முறை கோத்தகிரிப் பேருந்து நிலையத்தை அடுத்த தேநீர்க் கடையில், வெண்ணிறத் தலைப்பாகை கட்டிய படகர் இனத்து முதியவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். "உங்கள் ஊரின் குளிர்ச்சி யாருக்குக் கிடைக்கும், ஐயா!" என்று நான் வியந்தபோது அவர் மெல்லச் சிரித்தார். "சீசனுக்கு வர்றவங்க எல்லாரும் இதையேதான் சொல்லீட்டுப் போறாங்க. ஐப்பசி மழைக்கு ஒருக்கா வந்து பாருங்க தம்பி. மார்கழிப் பனிக்கும் வாங்க. அப்பறம் எங்க ஊரு எப்படீன்னு சொல்லுங்க," என்றார். அவர் அதனை வருத்தத்தோடு சொல்லவில்லை. ஆயினும் எனக்கு நாணமாக இருந்தது. அவ்வாண்டு ஐப்பசியிலேயே சென்றேன். அன்று தொடங்கிய பயணம் இன்றளவும் தொடர்கின்றது.

மார்கழியில் திறந்த வழி

நீலமலையின் பெயர் கல்வெட்டில் ஏறியது பழங்காலத்திலேயே ஆகும். போசள மன்னன் விட்டுணுவர்த்தனனின் படைத்தலைவன் புணிசன், தோதவரை அஞ்சச் செய்து நீலமலையைக் கைப்பற்றியதாக 1117ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. மலைக்கு ஏறும் வாயிலாக அமைந்தது மோயாறும் பவானியும் கூடும் பகுதியில் இருந்த தண்ணாயக்கன்கோட்டை. போசளத் தண்டநாயகர்களின் பெயர் தாங்கிய அக்கோட்டை, 1955ஆம் ஆண்டளவில் கட்டி முடிக்கப்பெற்ற பவானிசாகர் அணையின் நீர்ப்பரப்பில் மூழ்கிப்போயிற்று. நீர் மிகவும் வற்றும் ஆண்டுகளில் மட்டும் அங்குள்ள பழங்கோயிலின் கற்கள் வெளித்தெரியும்.

ஐரோப்பியருள் முதன்முதலாக இம்மலையைக் கண்டு எழுதியவர் பெனீசியோ என்னும் இயேசு சபைத் துறவியார். அவர் 1603இல் மேற்குக் கரைப் பக்கமிருந்து ஏறிவந்து தோதவரையும் படகரையும் கண்டு மீண்டார். அதன்பின் இருநூறு ஆண்டுகள் வரை வெளியார் கண்ணுக்கு மலை பெரும்பாலும் மறைந்தே இருந்தது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் நீலமலை கம்பெனியார் வசமாகிக் கோயம்புத்தூர் மாவட்டத்தோடு சேர்ந்தது. 1812இல் நில அளவையாளர் கீஸ் என்பவர் துணைவர் ஒருவருடன் மேலேறி, தாம் கண்டவற்றைக் கோவை ஆட்சியருக்கு எழுதினார். அவ்வறிக்கையால் உடனே விளைந்தது ஒன்றுமில்லை. 1818இல் கோவை ஆட்சியரின் உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி என்னும் இருவர் ஏறி இறங்கி, மேலே ஐரோப்பாவை ஒத்த குளிர் நிலவுவதாகத் தம் தலைவரிடம் சொன்னார்கள்.

அத்தலைவர்தான் ஜான் சல்லிவன். 1788இல் பிறந்த அவர் 1815 முதல் கோவையின் ஆட்சியராக இருந்தவர். உதவியாளர் சொல்லைக் கேட்டு அவரே 1819ஆம் ஆண்டு சனவரித் திங்களின் தொடக்கத்தில் மலையேறினார். நம் கணக்கில் அது மார்கழி மாதம். தொல்காப்பியர் மலைக்கு வகுத்த முன்பனிப் பொழுதிலேயே சல்லிவனும் மலையை முதன்முதலாகக் கண்டார் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. கோடை வெயிலுக்கு ஒதுங்க இடம் தேடி அவர் சென்றாரல்லர். தம் மாவட்டத்தின் தெரியாத ஒரு பகுதியைக் காணவே சென்றார்.

கோத்தகிரியை அடுத்த திம்பட்டி அவருடைய முதல் இருப்பிடம் ஆயிற்று. அங்குக் கன்னேரிமுக்கு என்னும் சிற்றூரில் அவர் எழுப்பிய வீடே நீலமலையில் வெள்ளையர் கட்டிய முதல் வீடு. அதே 1819இல் பிரெஞ்சு இயற்கை நூலறிஞர் லெசனோ இம்மலைக்கு வந்து நலிந்த உடல்நலம் தேறினார். சிறுமுகையிலிருந்து திம்பட்டிக்கு ஏறும் பாதையை மக்பர்சன் என்னும் படை அலுவலர் அமைத்தார். 1823இல் அது நிறைவுற்றது. சல்லிவன் நாட்டம் பின்னர் உதகைக்குச் சென்றது. அங்கே அவர் கட்டிய கல்வீடு இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் உள்ளது. கன்னேரிமுக்கு வீடோ நெடுங்காலம் பாழடைந்து கிடந்தது. இந்நூற்றாண்டில் அது செப்பனிடப்பெற்று, மலையின் வரலாற்றைச் சொல்லும் காட்சியகமாகத் திறக்கப்பட்டது. செம்மண் நிறத்துச் சுவர்களும் சிறிய அறைகளும் கொண்ட எளிய கட்டடம் அது. மே மாதத்திலும் அங்குக் கூட்டம் குறைவே.

பருவம் பிறந்த கதை

சல்லிவன் மலையில் ஆண்டு முழுவதும் வாழ எண்ணியவர். வாற்கோதுமை, உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு ஆகியவற்றைப் பயிரிட ஊக்கினார். உதகையில் ஏரி அமைத்தார். மலைநிலம் தோதவருக்கே உரியது, எடுத்துக்கொண்டால் அவர்களுக்கு ஈடு தரவேண்டும் என்று அரசோடு வாதிட்டார். அதே வேளையில் அவரே தோதவரிடம் ஏக்கர் ஒரு ரூபாய் என்னும் விலைக்கு நிலம் பெற்றார் என்பதும் சொல்லப்பட்டு வரும் செய்தி. ஆகவே அவரைத் தெய்வமாக்கவும் வேண்டா, தீயோராக்கவும் வேண்டா. அவருடைய மனைவியாரும் மகளும் 1838இல் இறந்து உதகையின் தூய ஸ்டீபன் ஆலயத்துக் கல்லறையில் உறங்குகின்றனர். ஒருவர் தம் உற்றாரைப் புதைத்த மண் அவருக்கு வெறும் ஓய்விடம் ஆகாது.

அவருக்குப் பின் வந்தோர் நோக்கு வேறு. சென்னை ஆளுநர் லஷிங்டன் காலத்தில் மலை முதன்மையாக நோயுற்ற படைவீரர் உடல் தேறும் இடமாகக் கருதப்பட்டது. மலையின் மேற்குப் பகுதி 1830இல் மலபார் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டு, 1843இல் கோவைக்கு மீண்டது. 1855இல் தலைமை ஆளுநர் டல்ஹௌசி உடல்நலம் நாடி மலைக்கு வந்து, கோத்தகிரியில் தங்கினார். 1868இல் நீலமலை கோவையிலிருந்து பிரிக்கப்பெற்றுத் தனி ஆணையரின் கீழ் வந்தது. அதுவரை மலையாரும் நாமும் ஒரே மாவட்டத்தார் என்பதை இன்று எத்தனை பேர் அறிவர்?

1870 முதல் உதகை சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகர் ஆயிற்று. வெயில் தொடங்கியதும் கோப்புகளும் எழுத்தர்களும் அலுவலர் குடும்பங்களும் மலையேறுவதும், மாதங்கள் சில கழிந்தபின் இறங்குவதும் ஆண்டு வழக்கமாயின. ஏழை மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் இவ்வுலாவைச் சென்னை இதழ்கள் கண்டித்தும் வழக்கம் நெடுங்காலம் நிற்கவில்லை. மேட்டுப்பாளையத்துக்கு இருப்புப்பாதை 1873இல் வந்தது. அங்கிருந்து குன்னூருக்குப் பற்சக்கர இரயில் 1899இல் ஏறியது. 1908இல் உதகையை எட்டியது. கோத்தகிரி அந்தப் பாதையிலிருந்து விலகி நின்றது. அதனால் கோத்தகிரிக்குக் கூட்டம் வரவில்லை. சிற்றூரின் தன்மையும் உடனே அழியவில்லை.

ஆக, "மலை என்றால் கோடை" என்னும் எண்ணம் மலையின் இயல்பிலிருந்து பிறந்ததன்று. சமவெளி ஆட்சியின் நாட்காட்டியிலிருந்து பிறந்தது. விடுதலைக்குப் பின் ஆட்சி மாறிற்று, நாட்காட்டி மாறவில்லை. ஆளுநர் குடும்பம் சென்ற வழியில் நம் குடும்பங்கள் செல்லத் தொடங்கின.

உலகில் பிற மலையூர்களிலும் வருவோரே பருவத்தை வகுத்தனர். சுவிட்சர்லாந்தின் சென்மோரிட்ஸ் என்னும் மலைச்சிற்றூருக்கு ஆங்கிலேயர் முன்பு கோடையில் மட்டுமே சென்றனர். 1864இல் அங்கிருந்த விடுதி உரிமையாளர் ஒருவர், குளிர்காலத்திலும் வந்து பாருங்கள், பிடிக்காவிடில் செலவு என்னுடையது என்று பந்தயம் கட்டி அழைத்தார் என்பது அவ்வூரில் வழங்கும் கதை. பின்னர்ப் பனிச்சறுக்கு விளையாட்டு வளர்ந்து, 1928, 1948 ஆகிய இரு ஆண்டுகளில் குளிர்கால ஒலிம்பிக்கே அங்கு நடந்தது. நம் நாட்டிலும் காசுமீரத்துக் குல்மார்க்கில் 1927இல் ஆங்கிலேயர் பனிச்சறுக்குக் கழகம் அமைத்தனர். நம் மலையில் வெண்பனி பொழிவதில்லை. விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி மட்டுமே படியும். எனவே அழைப்புப் பந்தயம் கட்டவும் இங்கு ஒருவரும் முன்வந்திலர். கோத்தகிரியின் தட்பவெப்பம் சுவிட்சர்லாந்துக்கு அடுத்தது என்று உள்ளூரார் பெருமையோடு சொல்வதுண்டு. அப்பெருமைக்குச் சான்று தேடுவதைவிட, ஆறு பருவங்களிலும் சென்று பார்ப்பதே நலம் என்று எனக்குத் தோன்றியது.

ஆறு பருவமும் ஒரு மலையும்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறத்தாழ 33 கிலோமீட்டர். பாக்குத் தோப்புகளைத் தாண்டியதும் பாதை வளைந்து ஏறத் தொடங்கும். கோத்தகிரி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில், மலையின் கிழக்குத் தோளில் அமைந்தது. மேற்கே 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா தென்மேற்குக் காற்றைத் தடுத்து நிற்கிறது. ஆகவே கூடலூர்ப் பக்கம் ஆடியில் பெருமழை கொட்டும்போது கோத்தகிரியில் சாரலும் மூடுபனியுமே. கோத்தகிரிக்கு உரிய மழை வடகிழக்குப் பருவமழை. இந்த ஓர் உண்மையை அறியாமல் அவ்வூரின் ஆண்டினை விளங்கிக்கொள்ள இயலாது.

இளவேனிலில், சித்திரை வைகாசியில், சாலையோர ஜக்கராண்டா மரங்கள் ஊதாப் பூச்சொரியும். நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி நடைபெறும். விடுதிகள் நிரம்பும், ஊர்க்குடங்கள் குழாயடியில் காத்திருக்கும். ஊர்திகளின் பெருக்கம் கண்டு சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டதால், 2024 மே 7 முதல் நீலமலைக்குச் செல்வோர் இணையவழி அனுமதிச் சீட்டுப் பெறும் முறை வந்தது. 2025 ஏப்ரல் முதல் சூன் வரை, வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் கட்டப்பட்டது. இரு மாதக் கூட்டத்தைத் தாங்க இயலாமல் மலை நீதிமன்றப் படியேறியது என்றே இதனைக் கொள்ளவேண்டும்.

முதுவேனிலில், ஆனி ஆடியில், கூட்டம் வடிந்துவிடும். காற்று வலுக்கும். சூலை அளவில் படகர் ஊர்களில் அறுவடைத் திருநாளாகிய தெவ்வ அப்பம் கொண்டாடப்பெறும். சமவெளிக்காரர் எவரும் இல்லாத வேளையில் ஊர் தனக்காகவே ஒரு நாளை வைத்துக்கொள்வதைப் பார்ப்பது மனத்துக்கு இதம் தருவது. கார்காலத்தில், ஆவணி புரட்டாசியில், தேயிலைச் செடிகள் மீண்டும் துளிர்க்கும். ஆயுத பூசை விடுமுறையை ஒட்டி "இரண்டாம் சீசன்" என்னும் சிறு கூட்டம் வந்து போகும்.

அடுத்துக் கூதிர். முதியவர் என்னை அழைத்த ஐப்பசி மழை. நான் சென்ற முதலாண்டில், மூன்று நாட்கள் அறையை விட்டு வெளியேற இயலவில்லை. கூரைத் தகரத்தின்மேல் மழை விழும் ஓசையில் அடுத்திருப்பவர் பேச்சும் கேளாது. நான்காம் நாள் வெளியே வந்தபோது, தேயிலைச் சரிவு ஒன்று செம்மண் காட்டிக் கிழிந்திருந்தது. அதன் கீழிருந்த வீட்டார் பாத்திரங்களைத் தலையில் சுமந்து உறவினர் வீட்டுக்குச் சென்றுகொண்டிருந்தனர். ஒருவர் முகத்திலும் வியப்பு இல்லை. 2009 நவம்பரில் இம்மழை பேரழிவாயிற்று. நவம்பர் 10ஆம் நாள் கேத்தியில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. குன்னூர், கோத்தகிரி, உதகைப் பகுதிகளில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சோலையும் புல்வெளியும் இருந்த சரிவுகளை வெட்டிக் கட்டடங்களும் சாலைகளும் எழுப்பியதன் விலை அது. கட்டடங்கள் பெரும்பாலும் கோடைக்கென எழுந்தவை. விலை கொடுத்தவரோ கூதிரில் அங்கே வாழ்ந்தவர்.

முன்பனிதான் இம்மலையின் மெய்யான திருநாட்காலம். மார்கழி, தை மாதங்களில் படகர் தம் குலமுதல்விக்கு எடுக்கும் எத்தை அம்மன் விழா, கோத்தகிரிக்கு அருகில் பேரகணியில் சிறப்புற நடைபெறும். வெள்ளாடை உடுத்த ஆயிரக்கணக்கானோர் பசுஞ்சரிவுகளின் வழியே வரிசையாக வருவர். கோத்தகிரிக்குப் பெயர் தந்த கோத்தர்களும் தம் கம்பட்டராயர் விழாவை இதே காலத்தில் கொண்டாடுகின்றனர். இரும்பும் மண்ணும் மரமும் தோலும் கொண்டு அயலாருக்கு வேண்டியன செய்து, இசையும் வழங்கிய இனத்தார் அவர்கள். அவர்கள் மொழி தமிழோடு உறவுடைய திராவிட மொழி. 1930களில் மலையில் தங்கி அம்மொழியைப் பயின்ற எமனோ என்னும் அறிஞர், அவர்களுடைய கதைகளைத் தொகுத்து 1944 முதல் 1946 வரை வெளியிட்டார். நமக்கு அருகிலேயே ஓர் இலக்கியம் வாய்மொழியாய் வாழ்ந்திருக்க, அதனை எழுத்தில் கொணர அயல்நாட்டார் ஒருவர் வரவேண்டியிருந்தது. இலக்கிய வட்டம் நடத்தும் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் தகும்.

இதே முன்பனியில்தான் உறைபனி தேயிலையைக் கருக்கும். உதகையை ஒட்டிய உயர்ந்த பள்ளத்தாக்குகளில் இதன் கொடுமை மிகுதி. தாழ்வான பகுதிகளில் செடிகளுக்கு இலைதழை போர்த்தியும், விடியுமுன் நீர் தெளித்தும் உழவர் காத்துக்கொள்ள முயல்வர். சுற்றுலாவினர் ஒளிப்படம் எடுக்கும் அந்த வெண்மை, உழவருக்கு ஒரு பறிப்பின் இழப்பு.

பின்பனியில், மாசி பங்குனியில், வானம் தெளியும். கோடநாட்டுக் காட்சிமுனையில் நின்றால் ஆழத்தே மோயாற்றுப் பள்ளத்தாக்கும், அப்பால் பவானிசாகரின் நீர்ப்பரப்பும் தெரியும். நீர் வற்றிய ஓர் ஆண்டில் அவ்விடத்தில் நின்று, தண்ணாயக்கன்கோட்டை கிடக்கும் திசையை நெடுநேரம் நோக்கினேன். மலையின் பழைய வாயில் நம் வயல்களுக்கு நீர் தருவதற்காக மூழ்கியது என்னும் எண்ணம் அன்று என்னை விட்டு அகலவில்லை.

மலை தந்ததும் நாம் தந்ததும்

கோடையில் மட்டும் நாம் மலைக்குச் செல்கிறோம். மலையோ ஆண்டு முழுவதும் நம் இல்லத்துக்கு வருகிறது. நீலமலையின் மேல் தோன்றும் பவானியும், மோயாறும், குன்னூர் ஆறும் கூடியே கீழே வயல்களை நனைக்கின்றன. பில்லூர் அணையின் நீர் கோவையின் குடிநீராகிறது. பைக்காரா மின்நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. அம்மின்சாரம் வந்தபின்னரே கோவையில் பஞ்சாலைகள் விரைந்து பெருகின. நம் ஊரைத் தொழில்நகர் என்று பெருமை பேசும்போதெல்லாம், அப்பெருமையில் மலையருவிக்கு ஒரு பங்கு உண்டு என்பதை மறக்கலாகாது.

நாம் திருப்பித் தந்தது என்ன? சாமையும் கோதுமையும் விளைந்த சிறு நிலங்கள் இருபதாம் நூற்றாண்டில் படிப்படியாகத் தேயிலைக்கு மாறின. 1960களில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் எழுந்து சிறு உழவருக்குக் கைகொடுத்தன. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர் பலரும் இம்மலையில் குடியேறி, தாம் அறிந்த அதே தொழிலில் இறங்கினர். 1990களின் இறுதியில் பசுந்தேயிலையின் விலை சரிந்தது. சரிந்த விலை பல்லாண்டுகள் நிமிரவில்லை. நிலத்தை விற்றவர் பலர். அந்நிலத்தில் எழுந்தவை பெரும்பாலும் கோடை விருந்தினருக்கான இல்லங்கள். பிள்ளைகளை வேலைக்காகக் கோவைக்கும் திருப்பூருக்கும் அனுப்பியோர் பலர். நம்மூர்ப் பின்னலாடை நிலையங்களில் அவர்களைக் காணலாம். நாம் அவர்கள் ஊரில் இரு நாள் தங்க இடம் தேடுகிறோம். அவர்கள் நம் ஊரில் ஆண்டு முழுதும் தங்க இடம் தேடுகின்றனர்.

எனினும் நம்பிக்கை தரும் செய்தி இல்லாமலில்லை. கோத்தகிரி ஊரை ஒட்டியே 116 எக்டேர் பரப்பில் லாங்வுட் சோலை பிழைத்து நிற்கிறது. சுற்றியுள்ள சிற்றூர்களுக்கு நீர் ஊட்டும் காடு அது. 2024 சனவரியில் அது ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற செய்தி வெளியாயிற்று. அதனுள் நின்றால் நண்பகலிலும் மாலை போல் இருள் கவிந்திருக்கும். இலைமட்கின்மேல் நடக்கும் காலடி ஓசை எழாது. மரத்தடிப் பாசியிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாய்க் கசியும். அச்சொட்டே கீழே ஓடையாகி ஆற்றில் சேர்கிறது. பூங்காவைக் காட்டிலும் அச்சோலையே காணத் தக்கது என்பேன். ஆனால் கூட்டமாய்ச் சென்று காணத் தக்கதன்று.

நிறைவாக

பழந்தமிழர் குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் வகுத்தது கவிதை மரபுக்காக மட்டும் என்று இளமையில் எண்ணியிருந்தேன். ஆறு பருவமும் சென்று கண்டபின் அவ்வெண்ணம் மாறிற்று. மலைவாழ் மக்களின் அச்சமும் உழைப்பும் கூடலும் திருநாளும் அப்பொழுதுகளிலேயே செறிந்திருக்கின்றன. வகுத்தவர் மலையை நின்று பார்த்தவராகவே இருத்தல் வேண்டும். இருநூறு ஆண்டுகளுக்குள் அப்பார்வையை நாம் இழந்து, ஆண்டவர் விட்டுச்சென்ற ஒரு பருவத்தைப் பற்றிக்கொண்டோம்.

வட்டத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோளுடன் முடிக்கின்றேன். வரும் பதினோராம் ஆண்டில் நம் மாதக் கூட்டங்களில் ஒன்றை மார்கழியில் கோத்தகிரியில் நடத்துவோம். பேருந்தில் செல்வோம், உள்ளூரார் நடத்தும் எளிய விடுதியில் தங்குவோம். நாம் உரையாற்ற வேண்டியதில்லை. படகரும் கோத்தரும் மலையகத் தமிழரும் தத்தம் ஊர்க்கதையைச் சொல்ல, நாம் கேட்டு எழுதிக்கொள்வோம். அம்முதியவர் இன்று இல்லை. சென்ற தை மாதத்தில் அந்தத் தேநீர்க் கடைக்குச் சென்றபோது அவருடைய பெயரன் எனக்குத் தேநீர் ஆற்றித் தந்தான். "இந்தக் குளிருல எதுக்குங்க வந்தீங்க? சீசன் இன்னும் வரலீங்களே," என்றான். உங்கள் தாத்தா அழைத்தார், வந்தேன் என்றேன்.